குதிரை மச்சாள்

மாமாவின் வீட்டில் எல்லா மிருகங்களுக்கும் வீடு இருந்தது. பழைய கலண்டர் தாள்களைப் பின்பக்கமாகத் திருப்பி, ஒன்றோடொன்று ஒட்டி, முன்னறைச் சுவரில் மாமி ஒரு பெரிய படம் கீறி வைத்திருந்தார். காடு, குளம், மரப்பொந்து, முயல் வளை, தேன்கூடு, மாட்டுப்பட்டி, ஓரமாக ஓடு போட்ட ஒரு குதிரை லாயம். மிருகங்கள் மட்டையில் வெட்டப்பட்டு ஒரு பிஸ்கட் பேணிக்குள் கிடந்தன. காலையில் பேணியைத் திறந்து ஒவ்வொன்றையும் அதனதன் வீட்டில் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும். அதுதான் பிள்ளைகளுக்குப் பாடம்.

இப்போது நான் கண்டியில் மகனோடு இருக்கிறேன். பகலில் வீட்டில் என்னைத் தவிர ஆள் கிடையாது. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அதன் தாய் போனில் ஏதோ போட்டுக் கொடுத்துவிட்டுச் சமைக்கப் போய்விடுவாள். ‘முயல் எங்கே வசிக்கும்?’ என்று அதற்குள்ளிருந்து ஒரு குரல் கேட்கும். சுவருக்கு இந்தப் பக்கத்திலிருந்து ‘வளையில்’ என்று நான் மெதுவாகச் சொல்லிக்கொள்வேன். மாமி வீட்டிலும் அப்படித்தான். அடுப்படிக் கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, யாருக்கும் கேட்காமல் பதில் சொல்லிக்கொண்டிருந்தேன். பத்து வயதுப் பிள்ளை, வெட்கம் பிடுங்கித் தின்னும்.

மாமா என் அம்மாவின் தம்பி. எங்களைப் போல நாவலப்பிட்டிக்கு மேலே உள்ள தேயிலைத் தோட்டத்தில், தொழிலாளர் லயத்தில் பிறந்தவர்தான். சின்ன வயதில் கோயில் சுவாமியார் ஒருவர் அவரைக் கண்டிக்குக் கூட்டிப்போய் விடுதியில் சேர்த்துப் படிக்க வைத்தார். பிறகு கந்தோரில் கிளாக்கர் வேலை கிடைத்தது. யாழ்ப்பாணத்துப் பெண்ணைக் கட்டினார். கல்யாணத்துக்கு எங்களில் யாரும் போகவில்லை. யாரும் கூப்பிடவுமில்லை.

தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஐந்தாம் வகுப்போடு படிப்பு முடிந்துவிடும். நான் ஐந்தை முடித்த வருஷக் கடைசியில் மாமா ஒருநாள் வந்து, “புள்ளைய என்கூட அனுப்புக்கா. ஜனவரியில கண்டியில சேத்துவிடுறேன். நல்லா படிக்கட்டும்” என்றார். அம்மா உடனே சரி என்றுவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.

ரயிலில் போகும்போது மாமா எனக்கு ஒரு பாடம் சொல்லிக்கொடுத்தார். “அத்தைன்னு கூப்புடாத, மாமின்னு கூப்புடு. எந்த ஊருன்னு கேட்டா நாவலப்பிட்டி டவுன்னு சொல்லு. லயம், தோட்டம், கொழுந்துன்னு ஒண்ணும் வாயில வரக்கூடாது. வந்துச்சுன்னா பள்ளிக்கூடம் கெடையாது. வெளங்குச்சா?”

“ஆமாங்க மாமா.”

விளங்கியது என்னவோ பள்ளிக்கூடம் கிடையாது என்பது மட்டும்தான். ஏன் என்பது விளங்கவில்லை.

கண்டிக்குப் பக்கத்தில் அம்பிட்டியவில், படி ஏறிப் போகிற ஒரு மேட்டில் அவர்கள் வீடு. மாமி நல்லவர். யாழ்ப்பாணத்தில் சின்னப் பிள்ளைகளுக்குப் படிப்பித்தவராம். மகனுக்கு மூச்சிழுப்பு இருந்தது. மலைக்குளிரில் வெளியே விடப் பயந்து அவனையும், அவனைவிடச் சின்னவளான தங்கையையும் வீட்டில் வைத்தே படிப்பித்தார். என்னையும் கூப்பிடுவார். “பிள்ளை, வந்து இரன். ஏன் கதவடியில நிக்கிறாய்?” நான் தலையை மட்டும் ஆட்டுவேன். வாயைத் திறந்தால் எது வெளியே வந்து விழுமோ என்று பயம். கிட்டப் போகாதவரைக்கும் வாய் பத்திரமாக இருக்கும்.

பாடம் கேட்க ஆசையாக இருக்கும்.

“யானை எங்க இருக்கும்?” என்று மாமி கேட்பார்.

“மாளிகையில!” என்பான் மகன்.

“டேய், யானை காட்டு மிருகமடா.”

“இல்லையம்மா. நான் கண்டனான். தலதா மாளிகையிலதான் இருக்குது.”

கண்டியில் புத்தர் கோயில் யானைகளைப் பார்த்து வளர்கிற பிள்ளையிடம் இதற்கு மேல் என்ன பேச முடியும்? மாமி சிரித்துக்கொண்டே யானையைக் காட்டில் ஒட்டுவார். மாமியின் தலை மறைந்ததும் அவன் அதைப் பிய்த்தெடுத்துவிடுவான்.

அந்த வீட்டில் எனக்கு ஒரே ஒரு துணை மாமாவின் தாகம். கந்தோரால் வந்ததும் தண்ணீர் குடிக்கிற சாட்டில் அடுப்படிக்கு வருவார். முன்னறையில் ‘ஓமப்பா’, ‘பாப்பம்’, ‘சொல்லுறன்’ என்று யாழ்ப்பாணத் தமிழில் பேசிக்கொண்டிருந்த மனிதர், குசினிப் படியைத் தாண்டியதும் ஆளே மாறிவிடுவார். “என்னா புள்ள, சாப்டியா? மழ பெஞ்சா நம்ம பீலியில தண்ணி எப்புடிக் கொட்டும், ஞாபகம் இருக்கா?” என்று ரகசியம்போலக் கேட்பார். பீலி என்பது லயத்துப் பக்கத்தில் நாங்கள் குளிக்கிற, தண்ணீர் பிடிக்கிற இடம். அதைக் கேட்டதும் எனக்கு அழுகை முட்டும். மாமா ஒரு கிளாஸ் தண்ணீரை அவ்வளவு நேரம் குடிப்பார்.

ஒருநாள் மத்தியானம் நல்ல மழை. பாடம் நடந்துகொண்டிருந்தது. சின்னவள் எழுந்து வந்து என் பாவாடையைப் பிடித்து இழுத்துப் படத்துக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்திவிட்டாள்.

“மச்சாள், உங்கட வீடு எது?”

“மச்சாள் நாவலப்பிட்டி டவுண் எல்லோ” என்றார் மாமி.

“அது ஊர். வீடு எது? பொந்தோ, வளையோ?” என்றான் பெரியவன்.

என் வீட்டைப் பற்றி அங்கே யாரும் கேட்டதில்லை. கேட்டுவிட்டார்களே என்ற சந்தோஷத்தில் வாய் தானாகத் திறந்துகொண்டது.

“லயம்” என்றேன்.

“லாயமோ! அம்மா, மச்சாள் லாயத்தில இருக்கிறவாவாம்! மச்சாள் குதிரை!”

“குதிரை மச்சாள்! குதிரை மச்சாள்!” என்று சின்னவள் குதித்தாள்.

அந்த இரண்டும் குதிரையைக் கண்ணால் கண்டதில்லை. நானும் கண்டதில்லை. எங்கள் தோட்டத்துத் துரை முன்காலத்தில் குதிரை வைத்திருந்தாராம், அதன் லாயம் நாங்கள் குடியிருந்த ஒற்றை அறைக் காம்பராவைவிடப் பெரிது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறேன். அதனால் குதிரை என்றது எனக்கு அவமானமாகப் படவில்லை. கையையும் காலையும் ஊன்றிக் குனிந்தேன். சின்னவள் முதுகில் ஏறினாள். பெரியவன் என் பின்னலைப் பிடித்து ஓட்டினான். கனைத்துக்கொண்டு முன்னறையைச் சுற்றிச் சுற்றி வந்தேன். அந்த வீட்டில் நான் சத்தம் போட்டுச் சிரித்தது அன்றைக்குத்தான்.

மாமி சிரிக்கவில்லை. அதட்டவும் இல்லை. நாங்கள் களைத்து விழும்வரை பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, “லாயம் இல்லை, லயம். மச்சாள் சொன்னது சரிதான். நாங்கள்தான் அதைக் கீறாமல் விட்டிட்டம்” என்று புதுத்தாள் ஒன்றை விரித்தார். “சொல்லு பிள்ளை. லயம் எப்பிடி இருக்கும்?”

ஒரே நீளமாக இருக்கும் என்றேன். ஒரே தகரக் கூரை. கதவு கதவாக வரிசைக்கு இருக்கும். ஒரு காம்பராவில் இருமினால் அடுத்த காம்பராவில் “சுக்கு இருக்கு, தரவா?” என்று கேட்பார்கள். முன்னால் தண்ணீர்க் கான் ஓடும். கோழிகள் எல்லா வீட்டுக்கும் பொது. மாமா சொன்னது நினைவுக்கு வந்தபோது நான் லயத்தைப் பாதிக்கு மேல் கட்டி முடித்திருந்தேன்.

மாமியின் பென்சில் நின்றது. “மாமாவும் இஞ்சயோ பிறந்தவர்?”

பொய் சொல்ல எனக்கு யாரும் பழக்கவில்லை, பேசாமல் இருக்கத்தான் பழக்கியிருந்தார்கள். “கடைசிக் காம்பரா” என்று விரலை வைத்துக் காட்டினேன்.

“ஓம்” என்றார் மாமி. அவ்வளவுதான். கீழே ‘லயம்’ என்று அழகாக எழுதி, சோற்றுப் பருக்கையைத் தடவி, தேன்கூட்டுக்கும் லாயத்துக்கும் நடுவில் ஒட்டிவிட்டார்.

மாமா வந்து குடையை மடக்கக்கூட இல்லை, பெரியவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனான். “அப்பா, மச்சாளின்ர வீடு! பாருங்கோ!”

மாமா பார்த்தார். குடையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டே இருந்தது.

“சரியாக் கீறியிருக்கிறனோ எண்டு பாருங்கோ” என்றார் மாமி.

“எனக்கெப்பிடித் தெரியும்?”

“உங்களுக்குத் தெரியாம வேற ஆருக்குத் தெரியும்?”

மாமா என்னைத் திரும்பிப் பார்த்தார். பள்ளிக்கூடம் போச்சு என்று நினைத்துக்கொண்டு அடுப்படிக்கு ஓடினேன். கதவிடுக்கால் பேச்சு கேட்டது.

“பிள்ளையை வெருட்டாதேங்கோ. எனக்குக் கலியாணம் முடிச்ச கிழமையே தெரியும். நித்திரையில நீங்கள் எந்தத் தமிழில கதைக்கிறனீங்கள் எண்டு நினைக்கிறியள்?”

“என்ன கதைச்சனான்?”

“‘அக்கா, கதவத் தொற, குளிருது’ எண்டு.”

கதிரை இழுபடுகிற சத்தம் கேட்டது. பிறகு மாமா, “இவ்வளவு வருசமும் ஏன் சொல்லேல்லை?” என்றார்.

“நீங்களாச் சொல்லுவியள் எண்டு பாத்துக்கொண்டிருந்தன்.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. மாமி கோபித்துக்கொள்ளவில்லை. இனி மாமாவுக்குப் பயம் தேவையில்லை, முன்னறையிலேயே பீலியைப் பற்றிப் பேசலாம் என்று நினைத்தேன். ஆனால் அதற்குப் பிறகு மாமா எந்தத் தமிழிலும் அதிகம் பேசவில்லை. சாப்பிடும்போது ஏதோ சொல்ல வாயெடுப்பார், எந்தச் சொல்லைப் போடுவது என்று தெரியாதவர்போல நிறுத்திவிடுவார். கந்தோரால் வந்தால் கதிரையில் சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருப்பார். தண்ணீருக்கு அடுப்படிப் பக்கம் வருவது நின்றுபோயிற்று. தண்ணீர் வைத்துக்கொண்டு நான் காத்திருப்பேன். பிள்ளைகள் வேறு, விவரம் தெரியாமல், “அப்பா, உங்கட காம்பராவும் இதுதானே?” என்று அந்தப் படத்தையே தொட்டுத் தொட்டுக் கேட்கும்.

ஒரு சனிக்கிழமை காலை, “பிள்ளையைக் கொண்டுபோய் அக்காவிட்ட விட்டிட்டு வாறன்” என்றார்.

மாமி திகைத்துவிட்டார். “ஜனவரி வரப்போகுது. பள்ளிக்கூடத்தில கதைச்சும் போட்டன்.”

“பிறகு பாப்பம்.”

“ஆருக்காக அனுப்புறியள்? எனக்காகவெண்டா வேண்டாம். எனக்கொரு வெக்கமும் இல்லை.”

மாமா குடையை எடுத்தார். நானோ அதற்குள் என் உடுப்புகளைச் சுருட்டிக்கொண்டு வாசலில் நின்றேன். எனக்கு வீட்டுக்குப் போகிற குஷி. மாமி என் தலையை வாரிவிட்டபோது, “நீ ஒண்டும் பிழையாச் சொல்லேல்லை, என்ன” என்றார். அவர் ஏன் அதைச் சொன்னார் என்று யோசிக்கவில்லை. நான் பிழை செய்ததாக எனக்குத் தோன்றவே இல்லையே. அந்த ஜனவரியிலும் சரி, அதற்குப் பிறகு வந்த ஜனவரிகளிலும் சரி, என்னை எங்கேயும் சேர்க்கவில்லை.

ரயிலில் மாமா ஜன்னலோரமாக இருந்தார். பேராதனை போயிற்று, கம்பளை போயிற்று. மாமா முன்கூட்டியே கடிதம் போட்டிருந்தாராம், நாவலப்பிட்டியில் அப்பா வந்து நின்றார். என் மூட்டையை வாங்கித் தோளில் போட்டுக்கொண்டு, “என்னா மச்சான், இம்புட்டுத் தூரம் வந்துட்டு வீட்டுக்கு வராமலா?” என்றார்.

மாமா எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். உதடு அசைந்தது. “வாறன்” என்றார்.

அவ்வளவுதான், எனக்குக் கால் தரையில் இல்லை. அப்பா விறுவிறு என்று முன்னால் நடந்தார், ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. நான் வளைவுக்கு வளைவு நின்று பார்த்துக்கொண்டே ஏறினேன். லயத்துக்குப் போனதும், “அம்மா, மாமா பின்னாடி வர்றாங்க!” என்று கத்தினேன். அம்மா அப்பாவின் முகத்தைப் பார்த்தார். அப்பா கானில் கால் கழுவிக்கொண்டிருந்தார். அம்மா உள்ளே போய்த் தேத்தண்ணிக்குக் கேத்தலை அடுப்பில் வைத்தார். மாமா தரையில் உட்கார்ந்தால் காற்சட்டை அழுக்காகிவிடும் என்று, நான் கங்காணி வீட்டுக்கு ஓடி ஒரு கதிரையை இரவல் கேட்டுத் தூக்கிவந்து வாசலில் போட்டேன்.

பனி இறங்கி வந்து ரோட்டை மூடும்வரைக்கும் அந்தக் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். வருகிறேன் என்பது, போகிறவர்கள் சொல்லுகிற சொல்லும்தான் என்று எனக்கு அப்போது தெரியாது.