குஞ்சப்பனை வரைக்கும் ஒரு பாட்டு

என் மகளின் போனில் ஓடிய வீடியோவில் ஒருவர் வெகுநேரமாகப் பேசிக்கொண்டிருந்தார். ஐம்பது வருடப் பழைய ராக் குழு ஒன்றின் பாட்டுகளை உலகம் ஏன் இன்னும் விடாமல் கேட்கிறது என்பதுதான் பேச்சு. டிரம் என்றார், கித்தார் என்றார், அந்தக் காலத்து இளைஞர்களின் கோபம் என்றார். படித்த மனிதர், சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கும். ஆனால் முக்கியமான காரணத்தை விட்டுவிட்டார். அந்தப் பாட்டைக் கேட்டால் மலைப்பாதையில் வாந்தி வராது.

இது எனக்கு ஒன்பது வயதிலேயே தெரியும். என் தாய்மாமா அப்போது கோத்தகிரியிலிருந்து மேட்டுப்பாளையம் போகும் தனியார் பஸ்ஸில் டிரைவர். நாங்கள் சற்றுக் கீழே அரவேணுவில் ஏறுவோம். மலை இறங்குகிற பஸ்ஸில் பாதிப் பேர் கையில் எலுமிச்சம்பழம் இருக்கும், மீதிப் பேர் கையில் பிளாஸ்டிக் கவர் இருக்கும். நான் இரண்டையும் வைத்திருக்கும் கட்சி.

அந்த வருடம் அம்மாவுக்கு உடம்பு கெட்டுப்போனது. வயிற்றில் புண் என்று எனக்குச் சொல்லியிருந்தார்கள். மாதம் ஒருமுறை கோயமுத்தூர் ஆஸ்பத்திரிக்குப் போய் மருந்து ஏற்றிக்கொள்ள வேண்டும். நடுவில் ஒரு தடவைகூட விடக் கூடாது என்று டாக்டர் கண்டித்துச் சொல்லியிருந்தார். அப்பாவுக்கு டீ ஃபேக்டரியில் லீவு கிடைக்காது. மேட்டுப்பாளையம் பஸ் ஸ்டாண்டில் சித்தி வந்து நின்று அம்மாவை அழைத்துக்கொள்வாள். அதுவரைக்கும் துணை நான்தான். யாருக்கு யார் துணை என்பது வேறு விஷயம். பள்ளிக்கூடம் போக வேண்டாம் என்பதே எனக்குப் போதுமானதாக இருந்தது.

மருந்து ஏற்றத் தொடங்கிய பிறகு அம்மாவுக்குச் சோற்று வாசனையே ஆகவில்லை. வளைவுகளைச் சொல்லவே வேண்டாம். முதல் வளைவில் முகம் வெளுக்கும், மூன்றாவதில் கவர் நிறையும். மேட்டுப்பாளையத்தில் இறங்கும்போது சித்தி ஒரு பக்கம், கண்டக்டர் ஒரு பக்கம் என்று தாங்கிப் பிடிக்க வேண்டும். மருந்துக்குக்கூட பயப்படாத அம்மா, பஸ்ஸுக்குப் பயந்தாள்.

அப்படி ஒரு நாள் மாமா வழக்கமான சினிமாப் பாட்டைப் போட்டார். அது அம்மாவைப் பற்றிய பாட்டாக இருந்து தொலைத்தது. அம்மா சேலைத் தலைப்பில் முகத்தை மூடிக்கொண்டாள். மாமா பதறிப்போய், கைக்குக் கிடைத்த வேறு கேசட்டைத் திணித்தார். பெங்களூரிலிருந்து வந்த காலேஜ் பையன்கள் எப்போதோ பஸ்ஸில் விட்டுவிட்டுப் போனது அது. திடீரென்று டிரம் இடித்தது. கித்தார் கதறியது. யாரோ ஒருவன் உயிர் போகிற மாதிரி கத்தினான். பஸ்ஸே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அம்மாவும் நிமிர்ந்தாள். சற்று நேரத்தில் கீழே டிங் டிங் என்று சத்தம் கேட்டது. குனிந்து பார்த்தேன். அம்மாவின் கால் மெட்டி, சீட்டின் இரும்புக் காலில் தாளம் போட்டுக்கொண்டிருந்தது. அன்றைக்குக் கவர் காலியாகவே, மலை பாதி இறங்கியதும் வரும் குஞ்சப்பனைக்கு வந்து சேர்ந்தது. என்னுடையதும்தான்.

வளைவு வரப்போவதை டிரம் முன்கூட்டியே சொல்லிவிடுகிறது, உடம்பு தயாராகிக்கொள்கிறது என்பது மாமாவின் விளக்கம். விஞ்ஞானம் எப்படியோ, அதற்குப் பிறகு அம்மா ஏறும் நாளெல்லாம் அந்த ஒரே கேசட்தான் ஓடியது. கேசட் அட்டையில் நான்கு பேர் தோளுக்குக் கீழே முடி வளர்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா கம்பளிக் குல்லாவைச் சரிசெய்துகொண்டே அதைப் பார்ப்பாள்.

“நாலு பேருக்கும் எவ்வளவு முடி பாரு. ஆளுக்கு ஒரு கத்தை குடுத்தாப் போதும், எனக்குச் சடை பின்னிப்போடலாம்” என்றாள் ஒரு நாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். எங்கள் ஊரில் எல்லோரும்தான் குல்லா போடுகிறார்கள். அம்மா அதை வீட்டுக்குள்ளும் கழற்றாதது ஏன் என்று நான் யோசிக்கவேயில்லை.

எங்களுக்குப் பின் சீட்டில் எப்போதும் பூண்டு மூட்டையோடு ஒரு படுகப் பெரியவர் வருவார், கௌடர் என்போம். வெள்ளைத் தலைப்பாகை, வெள்ளைப் போர்வை. மேட்டுப்பாளையம் மண்டிக்குப் பூண்டு கொண்டுபோகிறவர். பாட்டு ஆரம்பித்ததும் தலைப்பாகையைக் காதுக்குக் கீழே இழுத்துவிட்டுக்கொண்டு, கண்ணை இறுக்க மூடி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். இவரைப் போன்ற ரசிகர் உலகத்தில் கிடையாது என்று நினைத்துக்கொள்வேன்.

மழைக்காலம் வந்தபோது அம்மா தளர்ந்துவிட்டாள். இனி போகப்போவதில்லை என்று படுத்துக்கொண்டாள். அப்பா கெஞ்சியும் நடக்கவில்லை. மாமா வீட்டுக்கு வந்து வாசலிலேயே உட்கார்ந்துகொண்டார். “ஏக்கா, இந்த ஒருக்கா மட்டும் வா. முடியலைன்னா எந்த எடத்துல சொல்றியோ அங்கயே எறக்கி உட்டர்றேன்” என்றார். அந்த வாக்கை நம்பித்தான் அம்மா ஏறினாள்.

கெட்ட நேரம் பாருங்கள், இரண்டாவது வளைவிலேயே பாட்டுக்காரன் குரல் இழுபட்டது, கிணற்றுக்குள்ளிருந்து பேசுகிறவன் மாதிரி ஆனது, நின்றது. மாமா ஓரங்கட்டி கேசட்டை இழுத்தார். கூடவே பழுப்பு நாடா குடல் மாதிரி வந்துகொண்டே இருந்தது. பிறகு அறுந்தது. இன்ஜின் உறுமுவது மட்டும் கேட்டது. அம்மாவின் முகம் வெளுக்கத் தொடங்கியது.

“எறக்கி உட்ரு தம்பி. மேல போற வண்டியில நான் ஊட்டுக்குப் போயிக்கறேன்” என்றாள்.

மாமா கியரில் கை வைத்தார், எடுத்தார். கொடுத்த வாக்கு. அம்மா கம்பியைப் பிடித்து எழுந்துவிட்டாள். நான் அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு அழத் தயாரானேன்.

அப்போது பின்னாலிருந்து தகரம் இடிபடுகிற சத்தம். கௌடர் பஸ்ஸின் பக்கத் தகட்டை இரண்டு கையாலும் அடித்துக்கொண்டிருந்தார். அதே டிரம். விட்ட இடத்திலிருந்து. கண்டக்டர் விசிலை வாயில் வைத்துக் கித்தாரை ஊதினார். தோட்டத்து வேலைக்குப் போகும் பெண்கள் இருவர் கைதட்டினார்கள். வார்த்தை ஒருவருக்கும் தெரியாது. ஆளாளுக்கு வாயில் வந்ததைப் பாடினார்கள், கௌடர் படுக பாஷையில், மற்றவர்கள் எதிலோ. மாமா மெதுவாக கியரைப் போட்டார்.

அம்மா நின்றபடியே கேட்டாள். அவள் முகத்தில் ஒரு எரிச்சல் வந்தது. தப்பாகப் பாடுகிறவர்களைக் கண்டால் பாட்டு தெரிந்தவர்களுக்கு வருகிற எரிச்சல்.

“ஏனுங்க, அங்க அப்படி வராதுங்க” என்றாள் கௌடரைத் திரும்பிப் பார்த்து. சீட்டில் உட்கார்ந்தாள். அந்த இடத்தைத் தானே பாடிக் காட்டினாள்.

குஞ்சப்பனையில் பலாப்பழம் விற்கிறவர்கள் எங்கள் பஸ்ஸை வாய்பிளந்து பார்த்தது இன்னும் ஞாபகம் இருக்கிறது. அந்த மாதம் மருந்து ஏறியது. அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும். இப்போது அம்மா என் சமையலைக் குறைசொல்லிக்கொண்டு, அடர்ந்த நரைமுடியோடு என் வீட்டில் இருக்கிறாள். கடல் தாண்டி இருக்கும் அந்த நான்கு பேருக்கும் நான் கடன்பட்டவள். அவர்களுக்கு அது தெரிய வாய்ப்பில்லை.

என் கல்யாணத்துக்கு அந்தக் கண்டக்டர் வந்திருந்தார். பேச்சு பழைய பஸ்ஸைப் பற்றிப் போனது. கௌடர் தவறிவிட்டார் என்றார். “அந்தப் பாட்டுக்கு அவரைப் போல ரசிகர் ஏதுங்க” என்றேன் வருத்தத்தோடு.

கண்டக்டர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். பிறகு சிரித்தார். அம்மா வரும் நாளில் கோத்தகிரியில் வண்டி எடுக்கும் முன்பே மாமா எழுந்து நின்று, இன்றைக்கு அந்தப் பாட்டுதான், பொறுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லோரிடமும் கேட்டுக்கொள்வாராம். ஒருவருக்கும் அந்தப் பாட்டு பிடிக்காதாம். முதல் நாளே கௌடர்தான் எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொன்னாராம்.

“தலைவலிப் பாட்டுங்க அது. இருந்தாலும் அந்தப் புள்ள எறங்கற வரைக்கும் ஓடட்டும்.”

குஞ்சப்பனை வெக்கையில் பஸ்ஸில் எல்லோரும் ஸ்வெட்டரைக் கழற்றுவார்கள். அங்கேகூட கௌடர் தலைப்பாகையைக் காதிலிருந்து தூக்கியதில்லை. ஒவ்வொரு முறையும் அதைப் பார்த்தேன். பாவம், குளிர் தாங்காதவர் என்று நினைத்திருந்தேன்.