முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து

நேற்று என் மகள் சோபாவில் சாய்ந்தபடி போனில் ஏதோ கல்லூரிப் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள். எட்டிப் பார்த்தேன். 'எவ்வளவு கிடைத்தாலும் எனக்கு இன்னும் வேண்டும்.' கீழே ஐந்து வட்டங்கள். "பாத்துப் போடு பாப்பா!" என்று கத்திவிட்டேன். "சும்மா சர்வேதாம்ப்பா" என்று சிரித்தாள். அவள் கடைசி வட்டத்தைத் தொடும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை.

இதற்கெல்லாம் ஒரு பயமா என்கிறீர்களா? கேளுங்கள். படிப்பை முடித்துச் சும்மா திரிந்த காலத்தில், நாகமலை புதுக்கோட்டைப் பக்கம் ஓர் உளவியல் பேராசிரியரிடம் தற்காலிக உதவியாளனாக ஒட்டிக்கொண்டிருந்தேன். கல்லூரிப் பிள்ளைகளின் பேராசையை அளப்பதுதான் ஆய்வு. ஏழு வாக்கியங்கள்; மகளின் போனில் பார்த்தது அதில் ஒன்று. 'இல்லவே இல்லை' என்றால் ஒன்று, 'ரொம்பச் சரி' என்றால் ஐந்து, வட்டமிட வேண்டும். ஜெராக்ஸ் கடையிலிருந்து சூடு ஆறாமல் வரும் தாளின் வாடை இன்றும் என் மூக்கைவிட்டுப் போகவில்லை.

பசுமலைப் பக்கம் ஒரு கல்லூரிக்குப் போனோம். "பேர் எழுதாதீங்க. உண்மையச் சொல்லுங்க, யாரும் பாக்க மாட்டாங்க" என்று பெரிய மனுஷன் மாதிரி வாக்குக் கொடுத்தேன். பெயர் எழுதவில்லைதான். ஆனால் பரீட்சைப் பழக்கம் விடுமா? தாள் கைக்கு வந்ததும் மேல் மூலையில் பதிவெண்ணைப் போட்டுவிட்டுத்தான் மறுவேலை. அத்தனை பேரும் போட்டிருந்தார்கள். அன்றே அழித்திருக்க வேண்டும். சோம்பேறி நான், அழிக்கவில்லை.

பந்தியில் இன்னொரு கரண்டி சோறு வைக்க வந்தால், பசித்தாலும் இலையைக் கையால் மறைப்போமே, அந்த மரியாதையை எல்லோரும் தாளிலும் காட்டியிருந்தார்கள். ஒன்று, ஒன்று, இரண்டு. ஒரே ஒருவர் மட்டும் ஏழுக்கும் ஐந்து. முப்பத்தைந்துக்கு முப்பத்தைந்து! பார்த்துவிட்டுச் சிரித்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

மறுநாள் கல்லூரித் துணை முதல்வர் போன் செய்தார். "தம்பி, விடுதியில இலவச எடம் யாருக்குன்னு முடிவு பண்ணணும். பேராசை புடிச்ச பிள்ளைக யாருன்னு ஒங்க பேப்பர்ல தெரியுமாமே. கொண்டாங்க." முடியாது என்றால் பேராசிரியர் என்னைக் கழற்றிவிடுவார். தாள் கட்டைத் தூக்கிக்கொண்டு போனேன்.

மாடிப்படியில் ஒரு பெண் வழிமறித்தாள். பாண்டிச்செல்வி என்று பெயர், ஊர் கொட்டாம்பட்டி.

"அண்ணே, ஏழுக்கும் அஞ்சு போட்டது நாந்தான். நம்பர் வேற எழுதிப்புட்டேன். விடுதி எடத்துக்கு இதத்தான் பாக்கப் போறாகன்னு பேசிக்கிறாக. யாரும் பாக்க மாட்டாகள்ல?"

"ஏம்மா எல்லாத்துக்கும் அஞ்சு போட்ட?"

"உண்மையச் சொல்லச் சொன்னீக. வீட்ல எது வந்தாலும் அஞ்சு பங்கு. எனக்கு எப்பவும் பத்துனதில்லண்ணே. விடுதி எடம் போச்சுன்னா படிப்ப நிறுத்திருவாக."

கழிப்பறைக்குள் புகுந்து தாழ்போட்டுக்கொண்டு, அத்தனை தாள்களின் மூலையையும் கிழித்தேன். வெளியே செருப்புச் சத்தம் கேட்டபோதெல்லாம் மூச்சை அடக்கினேன். துண்டுகளைச் சட்டைப்பையில் திணித்துக்கொண்டு போய்க் கட்டை நீட்டினேன். துணை முதல்வர் புரட்டினார். கிழிந்த மூலைகளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கட்டை மூடி மேசையில் வைத்தார். அப்பாடா என்றிருந்தது.

அவர் எழுந்து நேரே அந்த வகுப்புக்கு நடந்தார். பின்னாலேயே ஓடினேன். "ஏழுக்கும் அஞ்சு போட்டது யாரு? எந்திரி."

எந்திரிக்காத தாயி, எந்திரிக்காத என்று நெஞ்சுக்குள் கதறினேன். அவள் என்னைப் பார்த்தாள். பிறகு எழுந்து நின்றாள்.

அளவுகோல் ஒழுங்காக அளக்கிறதா என்று பார்க்க, ஆறு வாரம் கழித்து அதே வகுப்புக்கு அதே தாளைக் கொடுப்பது ஆய்வு முறை. அவள் இருக்க மாட்டாள் என்று பயந்துகொண்டே போனேன். இருந்தாள். விடுதி இடம் போய்விட்டதாம், தினமும் கொட்டாம்பட்டியிலிருந்து இரண்டு பஸ் மாறி வருகிறாளாம், வீட்டில் இந்த வருஷம் மட்டும் என்று விட்டிருக்கிறார்களாம். பக்கத்துப் பெண்தான் சொன்னாள். கடைசியாகச் செல்வி தன் தாளைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தாள். ஏழுக்கும் ஒன்று.

"நெசமாவா செல்வி?"

"எனக்கு எதுவும் வேணாம்ணே."

பேராசிரியரிடம் நடந்ததைச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அறிக்கையை நான்தான் தட்டச்சு செய்தேன். 'இவ்வகுப்பில் பேராசை உடையவர் எவரும் இல்லை.' அது அச்சாகி வந்தபோது பாண்டிச்செல்வி கல்லூரியிலேயே இல்லை.