இழுத்துக்கொண்டிருந்த பேக்கப்

திருச்செங்கோட்டில் ஒரு போர்வெல் ஆபீஸ். கம்ப்யூட்டர்களின் பேக்கப் நெட்வொர்க்கில் ஊர்கிறது என்று முதலாளி, கம்ப்யூட்டர் பழுது பார்க்கும் என்னை வரவழைத்திருந்தார். காரணம், கணக்குப் பார்க்கும் அம்மாவின் கம்ப்யூட்டரில் இருந்தது. பேசும்போதெல்லாம் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிச் சேலைத் தலைப்பில் துடைக்கும் ஒல்லியான மனுஷி. ஒரே கேட் கேமரா வீடியோவைத் தினமும் புதுப்பெயரில் சேமித்து வைத்திருந்தார்; அத்தனையையும் நகலெடுத்துத்தான் பேக்கப் திணறியது.

"அழிச்சுப்போடாதீங்க சாமி, ஒண்ணு போனாலும் இன்னொண்ணு இருக்கட்டும்னுதானுங்க. போர் போடுற ரிக்கு வண்டில அடிபட்டுச் செத்த நம்ம வேலைக்காரப் பையன் அன்னிக்கு வேலைக்கே வரலைன்னு மொதலாளி சாதிக்கறாருங்க. அவன் வண்டி ஏறுறது இதுலதானுங்க இருக்குது."

"உங்களுக்குச் சொந்தமுங்களா?"

"இல்லீங்க. 'வாரேனுங்க அக்கா'ன்னு என்கிட்டச் சொல்லிட்டுத்தான் ஏறுனானுங்க."

வயர் பழசு என்று முதலாளியிடம் சொல்லிவிட்டு வந்தேன். பேக்கப் இன்னும் இழுக்கிறது என்று அவர் போனில் திட்டும்போதெல்லாம் எனக்கு நிம்மதியாக இருக்கும்.

போன வாரம் கூப்பிட்டு, "இப்பப் பேக்கப் பறக்குது தம்பி" என்றார். அத்தனை வீடியோவும் போய்விட்டது என்று புரிந்தது; அந்த அம்மா இன்னும் அங்கே வேலையில் இருக்கிறாரா என்று கேட்காமலே போனை வைத்தேன்.