இடப்பக்கம் இழுத்த கோடுகள்

ஃபார்மலின் வாடை... உயிரியல் ஆய்வகத்தின் கதவைத் திறந்ததும் கண்ணைக் கரிக்கும். அதோடு பிளேடால் சீவிய பென்சிலின் மர வாசனையும் சேர்ந்தால், எனக்கு அது பிளஸ் டூ வகுப்பு. இன்னும் சரியாகச் சொன்னால், பரீதா.

திருத்துறைப்பூண்டிப் பக்கம். தொண்ணூறுகளின் தொடக்கம். எங்கள் வகுப்பில் பாதிப் பேரின் அப்பாக்கள் சவுதியிலோ துபாயிலோ இருந்தார்கள். மீதிப் பேரின் அப்பாக்கள் தண்ணீர் எப்போது வரும் என்று வாய்க்காலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். எப்படியாவது வெளியே போய்விட வேண்டும், அதற்கு மார்க் வேண்டும். எங்கள் எல்லோருக்கும் அது ஒன்றுதான் நினைப்பு.

பரீதாவின் அத்தா சவுதியில் இருந்தார். ஒவ்வொரு கடிதத்திலும் "படிப்ப மட்டும் விட்டுடாதம்மா" என்று எழுதுவார். அந்த வரியை மட்டும் எனக்குப் படித்துக் காட்டுவாள்.

அவளைப்போலப் படம் வரைய யாராலும் முடியாது. ரெக்கார்டு நோட்டில் தவளையின் இதயத்தை வரைந்து, புள்ளி புள்ளியாக நிழல் வைப்பாள். இடது கைக்காரி. பாகங்களைக் குறிக்கும் கோடுகளை நாங்கள் வலப்பக்கம் இழுப்போம். அவள் மட்டும் இடப்பக்கம் இழுப்பாள்.

முதலில் ஒருத்தி வரைந்து தரச் சொன்னாள். பிறகு பையன்கள் எங்கள் மூலமாகக் கொடுத்துவிட்டார்கள். நோட்டுகளை அவள் முன்னால் அடுக்கி வைத்துவிட்டு நாங்கள் டியூஷனுக்குப் போவோம். கடைசியாகக் கொடுத்தவள் நான். உயிரியல் சார் ரெக்கார்டைக் கொடுக்கச் சொன்ன தேதிக்கு இரண்டே நாள் இருந்தது. "ஒன்னோடத முடிச்சிட்டியா?" என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அந்த நாள் வந்தபோது அவளுடைய நோட்டில் ஆறு படங்கள் பாக்கி.

சார் முதல் பக்கத்தில் கையெழுத்துப் போட்டால்தான் செய்முறைத் தேர்வுக்குள் விடுவார்கள். "கிளாஸே முடிச்சிருக்கு, ஒனக்கு மட்டும் என்ன கேடு?" என்று நோட்டை வீசினார். பரீதா வாய் திறக்கவில்லை. நாங்களும் திறக்கவில்லை. நான் முதல் பெஞ்சில், அவள் முடித்துக் கொடுத்த நோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

அவள் பரீட்சை எழுதவில்லை. அடுத்த வருடம் எழுதலாம் என்றார்கள். அடுத்த வருடம் அவளுக்குக் கல்யாணம் ஆகிவிட்டது.

போன மாதம் பள்ளியில் எங்கள் செட்டின் சந்திப்பு. ஏற்பாடெல்லாம் ரவி, ரைஸ் மில் வைத்திருப்பவர். பரீதாவைக் கூப்பிட்டீர்களா என்று முன்கூட்டியே போனில் கேட்டேன்.

"அவங்க பாஸ் அவுட் ஆகலையே மேடம். இது பாஸ் அவுட் ஆனவங்க லிஸ்ட்டு." கல்லூரியில் பாடம் நடத்துகிறேன் என்பதற்காக அந்த 'மேடம்'. அப்போதே வரவில்லை என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. போனேன்.

ஹாலின் ஓரத்தில் ஒரு மேஜை. பழைய ஹால் டிக்கெட், ஆட்டோகிராஃப், கூடவே மூன்று ரெக்கார்டு நோட்டுகள். அமெரிக்காவில் இதய டாக்டராக இருக்கும் இளங்கோவன் தன் நோட்டைத் தூக்கிக் காட்டி மைக்கில் பேசினார்.

"பாருங்கப்பா, அப்பவே ஹார்ட்ட எப்படி வரைஞ்சிருக்கேன்! தவளைக்குப் பாத்த வைத்தியத்ததான் இப்ப மனுசனுக்குப் பாத்துக்கிட்டிருக்கேன்!"

கைதட்டல். விசில். நான் மேஜைக்குப் போய் நோட்டுகளைத் திறந்து பார்த்தேன். மூன்றிலும் கோடுகள் இடப்பக்கம்.

மைக் என்னிடம் வந்தபோது சொன்னேன்: "இந்த மூணு நோட்டும் பரீதா வரைஞ்சது. என் நோட்டும்தான்."

"சரி சரி, எல்லாரும் குரூப் போட்டோவுக்கு வாங்க" என்றார் ரவி.

இளங்கோவன் பக்கத்தில் வந்து மெதுவாகக் கேட்டார். "ஏங்க, எல்லாரும் சந்தோசமா இருக்கறப்ப இது தேவையா? ஒரு ஹெல்ப்புதானே?"

"அவ ரெக்கார்டு என்னாச்சுன்னு தெரியுமா உங்களுக்கு?"

யோசித்தார். "ஏன், என்னாச்சு?"

நடிக்கவில்லை. நிஜமாகவே அவருக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

போட்டோவுக்கு நிற்காமல் கிளம்பினேன். வாசலில் யாரோ கிஃப்ட் பையைக் கையில் திணித்தார்கள். நேரே பஸ் ஸ்டாண்ட் பக்கம், பரீதா வீட்டுக்காரரின் பாத்திரக் கடைக்குப் போனேன். கல்லாவில் அவள்தான் இருந்தாள்.

"வாடி. மைக்குல என்னமோ பேசினியாமே? ஒனக்கு முன்னாடி சேதி வந்துருச்சு." சொல்லிக்கொண்டே என் பைக்குள் கைவிட்டு டப்பாவை வெளியே எடுத்தாள். எவர்சில்வர் டிபன் பாக்ஸ். மூடியில் என் பெயர்.

"நல்லா விழுந்துருக்காடி?"

அப்போதுதான் பார்த்தேன். வசந்தி. எல்லா எழுத்தும் புள்ளி புள்ளியாக. பெயர் வெட்டும் மெஷின் அவளுடைய இடது கைப்பக்கம் இருந்தது.

"ரவிதான் ஆர்டர் குடுத்தாரு. எழுவது சொச்சம் டப்பா. மூணு நாளா ஒக்காந்து வெட்டுனேன். டாக்டரு பேரு, பட்டமெல்லாம் சேத்து ரொம்ப நீளம், மூடியிலயே அடங்கல."

"ஒனக்குக் கோவமே வராதா?"

"வராம?" டப்பாவை முந்தானையால் துடைத்தாள். "லிஸ்ட்ட கையில குடுத்தப்ப, மேலேருந்து கீழ வரைக்கும் என் பேரத்தாண்டி தேடுனேன். ரெண்டு தடவ."

டப்பாவை அவள் மேஜையிலேயே வைத்துவிட்டு வந்தேன்.

எங்கள் செட்டின் வாட்ஸ்அப் குரூப்பில் இன்னும் படங்கள் வந்துகொண்டிருக்கின்றன. எல்லோரும் டப்பாவைத் தூக்கிப் பிடித்துச் சிரிக்கிறார்கள்.

அப்போது எங்களுக்குப் பதினேழு வயது, தெரியாமல் செய்துவிட்டோம்... இத்தனை வருடமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

இப்போது எங்களுக்கு ஐம்பது ஆகப் போகிறது.