முன் ஆசனம் காலியாக: புளத்கொகுபிட்டியவிலிருந்து கேகாலைக்கு

எங்கள் ரப்பர் தோட்டத்துத் தொழிலாளர் வரிசை வீடான லயத்திலிருந்து புளத்கொகுபிட்டிய கடைவீதி நான்கு கிலோமீட்டர். அங்கிருந்து கேகாலை இன்னும் இருபதுக்கு மேல். எத்தனையோ தடவை பஸ்ஸில் போயிருக்கிறேன். காரில் போனது 2007ஆம் ஆண்டு மழைக்காலத்தில், ஒரு புதன்கிழமைதான் முதல் தடவை.

என் மகள் கலாவுக்குத் தலைப்பிரசவம். பிள்ளை குறுக்கே கிடக்கிறது, ஆபரேஷன் செய்துதான் எடுக்க வேண்டும், புதன்கிழமை காலை பத்து மணிக்குள் வந்து வார்டில் சேர வேண்டும் என்று கேகாலை ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். மருமகன் கொழும்பில் கடை வேலை. அவர் நேரே ஆஸ்பத்திரிக்கு வருவதாக ஏற்பாடு. என் மனைவி பாக்கியத்தின் தம்பி தங்கராசு அந்த மாதந்தான் ஜப்பானிலிருந்து வந்த ரீகண்டிஷன் கார் ஒன்று வாங்கி ஹயர் ஓடத் தொடங்கியிருந்தான். வெளியாள் என்றால் கேகாலைக்கு ஆயிரத்து ஐந்நூறு ரூபாய். அக்காள் மகளுக்கு பெட்ரோல் மட்டும் போதும் என்றான்.

காலை ஆறு மணிக்குப் புறப்பட்டோம். பஸ்ஸில் ஏறினாலே கலாவுக்கு வாந்தி வரும், அதனால் முன் ஆசனத்தில் உட்கார வைத்தோம். அவளுக்கு நேர் எதிரே, டேஷ்போர்டின் மேல், ஒரு சாண் உயரப் பித்தளைப் பிள்ளையார். எங்கள் பக்கத்தில் புது வண்டி வந்தால் கோயிலுக்குக் கொண்டுபோய்ப் பூசை வைத்து, முன்னால் ஒரு சாமியை அமர்த்தாமல் ரோட்டில் இறக்க மாட்டார்கள். பசையில் ஒட்டிய பிள்ளையார் ஒரு வளைவில் கழன்று விழுந்துவிட்டதாம். அதனால் முதல் நாள் மாலைதான் இரண்டு நீள ஸ்க்ரூ போட்டு இறுக்கியிருந்தான்.

சாவியைத் திருப்பியதும் ஸ்டியரிங்குக்குப் பின்னால் பல விளக்குகள் எரிந்து அணைந்தன. சிவப்பாக ஒன்று மட்டும் அணையவில்லை. உட்கார்ந்திருக்கும் ஒரு ஆள், அவனுக்கு முன்னால் ஒரு உருண்டை. பாக்கியம் எட்டிப் பார்த்தாள்.

“என்னடா தம்பி இது, புள்ளத்தாச்சி படமா?”

“அது ஏர்பேக் லைட்டு, அக்கா. வண்டி மோதுனா பை ஊதி ஆளக் காப்பாத்தும். நேத்து வரைக்கும் அணைஞ்சிச்சு. மழைக்கு ஈரம் ஏறியிருக்கும்.”

தோட்டத்துப் பாதை முழுவதும் குழி. ஒவ்வொரு குழியிலும் நான் அந்த விளக்கையே பார்த்தேன். அது கண்ணைச் சிமிட்டக்கூட இல்லை. கடைவீதியைத் தாண்டி ரப்பர் காடுகளுக்கு நடுவே போகும்போது தங்கராசு ஒரு கையால் ஓட்டிக்கொண்டு மறு கையை ஆசனத்துக்கு அடியில் விட்டான்.

“இதுக்குக் கீழ மஞ்சள் வயர் ஒண்ணு இருக்கு. அதை ஒரு தடவ புடுங்கிச் சொருகினா சரியாயிரும்.”

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஆனாலும் “ரோட்டப் பாரு தங்கராசு” என்று சொன்னேன்.

ஏழு மணிக்கு உந்துகொடைப் பக்கம் ஒரு கார் எலெக்ட்ரிக் கடை திறந்திருந்தது. கடைக்காரர் சிங்களவர். ஊரில் எல்லோருக்கும் அவர் பாஸ் உன்னஹே, கைத்தொழில்காரரை மரியாதையாக அப்படித்தான் கூப்பிடுவார்கள். பல் விளக்கியபடி வந்தவர் விளக்கைப் பார்த்தார். பிறகு பிள்ளையாரைப் பார்த்தார். பிள்ளையாரின் அடியில் விரலைக் கொண்டுபோனவர் தொடாமலே கையை எடுத்து, முதலில் கலாவை இறங்கச் சொன்னார்.

அவர் சிங்களத்தில் சொன்னதன் சாரம் இதுதான். பிள்ளையார் உட்கார்ந்திருக்கும் இடமே பையின் மூடி. ஸ்க்ரூ உள்ளே எதைக் குத்தியிருக்கிறது என்று தெரியாது. விளக்கு எரிகிறது என்றால் மோதும்போது பை திறக்காமலும் போகலாம். எப்போதாவது சும்மாவே திறந்துவிடவும் கூடும். அப்படித் திறந்தால் அந்தப் பித்தளை முழுவதும் முன்னால் இருக்கிறவரின் மேல்தான் வரும்.

“அப்ப ஸ்க்ரூவக் கழட்டுங்க பாஸ்” என்றான் தங்கராசு.

“அத்த தியன்ன எபா!” கை வைக்காதே என்று சத்தமே போட்டுவிட்டார். அது தன் வேலையும் இல்லை, இந்தப் பைகளோடு பழகிய வேலைத்தலத்துக்குத்தான் போக வேண்டும் என்றார். மஞ்சள் வயரைத் தொடக் கூடாது, டெஸ்டர் வைத்துப் பார்க்கவும் கூடாது. யாராவது கிட்டே கை வைக்க நேர்ந்தால் சாவியை எடுத்து, பேட்டரிக் கம்பியைக் கழற்றி, பத்து நிமிடமாவது சும்மா இருக்க வேண்டும். பை உடனே செத்துவிடாது, உள்ளே கொஞ்சம் கரண்ட் தங்கியிருக்கும். ஆஸ்பத்திரிக்கு அவசரம் என்றால் முன்னால் யாரையும் ஏற்றாமல், எல்லோரும் பெல்ட் போட்டு, மெதுவாகப் போகலாம். கலாவின் பெல்ட்டை வயிற்றுக்குக் கீழே, தொடையின் மேல் வரும்படி தானே காட்டிக் கொடுத்தார்.

பின்னால் மூவரும் நெருக்கி உட்கார்ந்தோம்.

“நான் மட்டும் முன்னால. நீங்க மூணு பேரும் தொர மாதிரி பின்னால” என்று தங்கராசு முணுமுணுத்தான்.

“வாய மூடிக்கிட்டு ஓட்டு. சாமிக்கு ஸ்க்ரூ அடிக்கிற மொத ஆளு நீதான்” என்றாள் அவன் அக்காள்.

கலா பிளாஸ்டிக் பை ஒன்றில் இரண்டு தடவை வாந்தி எடுத்தாள். எங்களுக்குப் பின்னால் பஸ்கள் ஹோர்ன் அடித்துத் தள்ளின. தங்கராசு முப்பதுக்கு மேல் போகவில்லை.

எட்டரைக்குக் கேகாலைக்குச் சற்று முன்னால் சோதனைச் சாவடி. போர் நடந்த அந்த வருடங்களில் தமிழரின் அடையாள அட்டையைப் பார்த்தால் வண்டியை ஓரங்கட்டச் சொல்வார்கள். அன்றும் சொன்னார்கள். இளம் பொலிஸ்காரர் ஒருவர் உள்ளே குனிந்து பார்த்தார். முன் ஆசனம் காலி, பின்னால் மூவர் நெருக்கம். அவருக்கு அது பிடிக்கவில்லை. முன் கதவைத் திறந்து, ஆசனத்தில் முழங்காலை ஊன்றி, பிள்ளையாரைத் தட்டிப் பார்த்தார். உள்ளே வெறுமையான சத்தம் கேட்டது. இரண்டு கையாலும் பிடித்துத் திருகப் போனார்.

“எபா மஹத்தயா! பிபிரெனவா!” என்று தங்கராசு கத்தினான்.

வேண்டாம், வெடிக்கும் என்று அர்த்தம். அந்தக் காலத்தில் ஒரு தமிழன் சோதனைச் சாவடியில் சொல்லக்கூடாத ஒரே வார்த்தை அதுதான்.

துப்பாக்கிகள் எங்கள் பக்கம் திரும்பின. எங்களை இறக்கி மழையில் நிறுத்தினார்கள். தங்கராசு கையைத் தூக்கிக்கொண்டு “பை, பை” என்று தமிழிலேயே சொல்லிக்கொண்டிருந்தான். கலா வயிற்றை இரு கையாலும் பிடித்திருந்தாள். ஒரு பொலிஸ் சார்ஜன் வந்து, சிலையைக் கழற்று, உள்ளே என்ன இருக்கிறது பார்ப்போம் என்றார். சாவி வண்டியிலேயே இருந்தது. விளக்கு எரிந்துகொண்டிருந்தது.

நான் அதிகாரிகள் முன்னால் வாய் திறந்தவன் இல்லை. என் சிங்களம் ரப்பர் பால் நிறுக்கும் கொட்டகையிலும் கடைவீதியிலும் பழகியது. ஆனால் அப்போது பேச வேறு ஆள் இல்லை. வெயிலுக்கு மறைக்கும் முன்பலகையில் ஒரு படம் ஒட்டியிருந்தது: ஒரு குழந்தை, அதை இடிக்கும் ஒரு பை, மேலே சிவப்புக் கோடு. அதைக் காட்டி, “ஐயா, வண்டியோட வந்த பெலூன் இது. அடிபட்டா ஊதும். இவன் தெரியாம அதுக்கு மேல ஸ்க்ரூ அடிச்சிட்டான். பாருங்க, ஆனா மொதல்ல பேட்டரியக் கழட்டிட்டுப் பாருங்க. உங்க புள்ளைக்கும் ஒண்ணும் ஆகக்கூடாது” என்று தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். அந்த இளம் பொலிஸ்காரர் இன்னும் முன் கதவருகேதான் நின்றார்.

சார்ஜன் படத்தைப் பார்த்தார், எரியும் விளக்கைப் பார்த்தார், கலாவைப் பார்த்தார். அந்தப் பையனை வண்டியை விட்டுத் தள்ளி வரச் சொன்னார். தங்கராசு சாவியை எடுத்துப் பேட்டரிக் கம்பியைக் கழற்றினான். காத்திருந்தோம். அவ்வளவு நீளமான பத்து நிமிடத்தை நான் கண்டதில்லை. கலாவின் உதடு வெளுத்திருந்தது. சார்ஜன் சாவடிக்குள்ளிருந்து ஒரு நாற்காலியை எடுத்துவரச் செய்து அவளை உட்கார வைத்தார்.

பிறகு டார்ச் அடித்து டேஷ்போர்டின் அடியில் பார்த்தார். மஞ்சள் வயரும் மூடிய பெட்டியும் தெரிந்தன. சிலையை அவர் தொடவில்லை. பேட்டரிக் கம்பியைத் திரும்ப மாட்டும்போது வண்டிக்குள் யாரையும் இருக்க விடவில்லை.

“போங்க. அந்த வார்த்தைய இன்னொரு எடத்துல சொல்லாத” என்று தங்கராசுவிடம் சொன்னார்.

ஒன்பதரைக்கு ஆஸ்பத்திரி. கலாவைத் தள்ளுவண்டியில் ஏற்றினார்கள். மருமகன் ஓடிவந்தார்.

முற்றத்தில் தங்கராசு போனில் பேசிக்கொண்டிருந்தான். மறுநாள் சின்னப் பிள்ளைகளோடு ஒரு குடும்பத்தைக் கண்டிக்கு ஏற்றிப் போக ஒப்புக்கொண்டிருந்தான்.

“வேற வண்டி பாருங்க. இல்லீங்க, ஓடும். ஓடும், ஆனா ஏத்தமாட்டேன்.”

அங்கிருந்து தனியாகக் கொழும்புப் பக்கம் வேலைத்தலத்துக்குப் போனான். ஒரு ஸ்க்ரூ பையைக் குத்திக்கொண்டு நின்றதாம்.

மறுநாள் பேத்தி பிறந்தாள். அன்று மாலை பஸ்ஸில் திரும்பினேன். எங்கள் தோட்டத்தில் எதுவும் முன்கூட்டிச் சொல்லாது. ரப்பர் மரக் கிளை விழுந்த பிறகுதான் உளுத்தது தெரியும், லயத்துக் கூரை இறங்கிய பிறகுதான் கைமரம் போனது தெரியும். ஒரு விளக்கு விடாமல் சொன்னதையே நாங்கள் ஒரு மணி நேரம் ஈரம் என்று நினைத்திருந்தோம்.

கலாவை வீட்டுக்கு அனுப்பிய அன்று தங்கராசு காரோடு வந்தான். டேஷ்போர்டின் மேல் ஒன்றும் இல்லை, முன்பலகையில் குழந்தையைப் பை இடிக்கும் அந்தப் படம் மட்டும் அப்படியே இருந்தது. சாவியைத் திருப்பி, விளக்கு எரிந்து அணைவதை எனக்கு மூன்று தடவை காட்டினான். கலா பிள்ளையை ஏந்திக்கொண்டு, வாந்திக்குப் பயந்து முன் கதவைத் திறந்தாள். நான் வாய் திறப்பதற்குள் தங்கராசு இறங்கி வந்து அதைச் சாத்தினான்.

“பின்னால ஏறும்மா” என்றான். “மெதுவாத்தான் போவேன்.”