சாத்தான்குளத்தில் இல்லாத ஆறு பேர்

இன்று மாலை சாத்தான்குளத்திலிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் பேருந்தில் என் பக்கத்து சீட்டில் ஒரு மேதை.

சென்னையில் மளிகைக்கடை வைத்திருக்கிறார். ஊருக்கு வந்துவிட்டு ரயிலேறத் திரும்பிக்கொண்டிருந்தார். எந்த ஊர் எவ்வளவு சம்பாதிக்கிறது என்று பட்டியல் போட்ட வாரப்பத்திரிகை ஒன்று கையில்.

நான் கேட்காமலேயே விளக்கினார்.

"மெட்ராஸ் ஒத்த ஊரு சம்பாதிக்கதுக்கு முன்னால நம்ம ஜில்லாவெல்லாம் எந்த மூலைக்கு வே? இங்கன ஆளுதான் பெருத்துக் கெடக்கு. வருமானத்த தலைக்கு இவ்வளவுன்னு வகுத்தா வெளிய சொல்ல முடியாது."

முக்கால் மணி நேரம் இதே பிரசங்கம். பேச்சை மாற்ற, "ஊர்ல என்ன விசேஷம் அண்ணாச்சி?" என்றேன்.

"ரேஷன் கார்டுல பேர அடிச்சிருவாவன்னு சொன்னாவ. சரிபண்ணிட்டுப் போறேன். வீட்ல ஆறு பேரு, எல்லாரும் மெட்ராஸ்லதான். பேரு மட்டும் இங்கன கெடக்கு. போன சென்சஸ்லயும் ஊர்ல இருக்க எங்கய்யா எங்க ஆறு பேரையும் இங்கனதான் எழுதிக் குடுத்தாரு. கார்டுக்கு வில்லங்கம் வந்துரக்கூடாதுல்லா."

"அப்பம் கடை வருமானம் மெட்ராஸ் கணக்குல. அத வகுக்க ஆறு தலை மட்டும் நம்ம ஊரு கணக்குல. அப்படித்தான அண்ணாச்சி?"

அண்ணாச்சி ஜன்னல் வழியே பனைமரங்களை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

இறங்கும்போது பத்திரிகையை சீட்டிலேயே விட்டுவிட்டுப் போனார். கார்டு இருக்கிறதா என்று மட்டும் சட்டைப்பையை இரண்டு முறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

சென்னையில் இருந்துகொண்டு இந்த மின்னஞ்சல் குழுவைப் படிக்கிற நெல்லைச் சீமைக்காரர்களே, உங்கள் கார்டு எந்த ஊரில் இருக்கிறது? கூச்சப்படாமல் எழுதுங்கள்.