உள்ளங்கையில் ஊற்றிய சாக்கே

தவமலருக்கு அந்த ஜப்பானிய உணவகத்தில் ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் பின்பக்கத்தில், கோப்பை கழுவும் மெசினோடுதான். மெசின் ஓடும்போது பக்கத்தில் இடி விழுந்தாலும் கேட்காது. யாராவது வந்து தட்டுகளை வைப்பார்கள். அவள் திரும்பிப் பார்ப்பதற்குள் ஆள் போயிருக்கும்.

வீட்டிலும் அதே கதை. கணவர் தங்கத்துரை இறந்து நாலு வருடம். மகள் யதுஷா தூரத்தில், கல்கரியில். டோர்செட் பார்க் பகுதியில் ஒரு கட்டிடத்தின் பதினோராவது மாடியில் தவமலர் தனியாக இருந்தாள். சில நாட்களில், பஸ்ஸை விட்டு இறங்கும்போது டிரைவருக்குச் சொல்லும் 'தாங்க்யூ'தான் அன்றைக்கு அவள் வாயிலிருந்து வரும் முதல் சொல். அதற்காகவே பின்கதவால் இறங்காமல் முன்கதவுக்கு நடந்து போய் இறங்குவாள்.

அதனால்தான், முன்பக்கத்தில் சாக்கே ஊற்றும் றெபேக்கா வேலையை விடப்போகிறாள் என்று கேட்டதும் மெசினை நிறுத்தினாள். சாக்கே என்பது ஜப்பானியர் அரிசியில் வடிக்கும் மது. முன்னால் இருக்கும் நீள மேசையில் அதைப் பரிமாறுவது றெபேக்காவின் வேலை. அங்கே எட்டுக் கதிரைகள். அநேகமாகத் தனியாக வருகிறவர்கள்தான் அதில் இருப்பார்கள். அவர்கள் றெபேக்காவோடு சிரித்துக் கதைப்பதை, சமையலறைக் கதவு ஆடும்போதெல்லாம் தவமலர் பார்த்திருக்கிறாள்.

மானேஜர் மரியோவிடம் நேரே போய்த் தன் அரைகுறை ஆங்கிலத்தில் கேட்டாள். எனக்கு அந்த வேலை வேண்டும்.

"நீங்கள் குடிப்பதே இல்லையே!"

"குடிக்கிறேல்லை. ருசி பார்ப்பன்."

மரியோ சிரிக்கவில்லை. மது பரிமாறுகிறவர்களுக்குரிய சேட்டிபிக்கட்டை முதலில் எடுங்கள், பிறகு நாக்கைச் சோதிப்போம் என்றார். பொரியல் அடுப்பில் நிற்கும் றொய்சன் போனில் பாடத்தைத் திறந்து கொடுத்தான். இந்த நகரத்திலேயே, வோபர்னில் பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெடியன். இரண்டாம் தடவை தவமலர் பாஸ்.

ஒரு செவ்வாய்க்கிழமை மூன்று மணிக்கு, கடை திறக்கும் முன் சோதனை. மேசையில் மூன்று வெள்ளைக் கோப்பைகள். ஒவ்வொன்றின் அடியிலும் நீல வளையங்கள். சாக்கே எவ்வளவு தெளிவு என்று பார்ப்பதற்காம். மூன்றில் ஒன்று கடையிலேயே விலை கூடியது. ஒவ்வொரு அரிசி மணியிலும் பாதிக்கு மேல் தீட்டித் தள்ளிவிட்டு, மிஞ்சும் நடுவில் வடித்தது. அது எது என்று சொல்ல வேண்டும். ருசி பார்த்து வாளிக்குள் துப்பலாம்.

எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். தவமலரின் கை தானாக வேலை செய்தது. இடது உள்ளங்கையைக் குழித்து, இரண்டு சொட்டு விட்டு, நக்கினாள். கறிக்கு உப்புப் பார்ப்பது போல.

றொய்சன் வெடித்துச் சிரித்தான். "அன்ரி! உது குழம்பில்லை!"

"வாய் வைச்சா எச்சில் எல்லோ மனே?"

"எச்சிலாக்கத்தானே கோப்பை தந்தவர்!"

அவள் விடாமல் மூன்றையும் அப்படியே பார்த்தாள். பிறகு முகம் வாடிப்போனது. மூன்றிலும் ஒரே மணம். சவுக்கார மணம். ஒன்பது வருடச் சவுக்காரம் உள்ளங்கையில் ஊறிக் கிடந்தது. இது குளிராக இருக்க வேண்டியது, கைச்சூடு பட்டால் மணம் செத்துவிடும் என்று சொல்லிக்கொண்டே மரியோ கோப்பைகளை ஒதுக்கத் தொடங்கினார். திரும்பவும் அந்த மெசின்தான் என்று அவளுக்கு விளங்கியது.

"ஒருக்கா!" என்று கத்தினாள். மெசினுக்கு மேலாகக் கத்துவது போல அவ்வளவு சத்தமாக. "இன்னும் ஒருக்கா."

மரியோ கோப்பைகளை இடம் மாற்றி, புதிதாகக் குளிர ஊற்றி வைத்தார். இந்தத் தடவை அவள் கோப்பையை வாய்க்கே கொண்டுபோனாள். முதலாவதில் கஞ்சித் தண்ணீரின் வாசம். இரண்டாவதில் ஒரு மெல்லிய புளிப்பு. மூன்றாவது உதட்டில் படுவதற்கு முன்னமே, வெயிலில் வெடித்த வெள்ளரிப்பழம் மூக்கில் ஏறியது.

"இது," என்றாள். "மெலன்."

அடுத்த வாரம் அவளுக்குப் பரிமாறுகிறவர்களின் கறுப்புச் சட்டை கிடைத்தது. போத்தலை இரண்டு கையாலும் பிடிக்க மரியோ பழக்கினார். இந்த மதுவைத் தன் கோப்பைக்குத் தானே ஊற்றுவது வழக்கமில்லை, பக்கத்தில் இருப்பவர்தான் ஊற்ற வேண்டும் என்றார். "தனியாக வருகிறவருக்கு நீங்கள்தான் பக்கத்து ஆள். ஆனால் அவர் பேசாமல் நீங்கள் பேசக்கூடாது."

மேசைக்கு வருகிறவர்கள் பேசவில்லை. றெபேக்காவோடு சிரித்தவர்கள் றெபேக்காவின் ஆட்கள், அவளோடு போய்விட்டார்கள். வந்தவர்கள் போனைப் பார்த்தபடியே கோப்பையை இரண்டு விரலால் அவள் பக்கம் தள்ளினார்கள். அவள் ஊற்றினாள். வெள்ளிக்கிழமை, மழையில் நனைந்து வந்த ஒருவர் மட்டும், இது எப்படி இருக்கும் என்று கேட்டார். அந்தக் கேள்விக்காக அவள் தினமும் பஸ்ஸில் ஆங்கிலம் பாடமாக்கி வைத்திருந்தாள். முதலில் மெலன், பிறகு ஒன்றுமில்லை, நல்ல தண்ணீர் மாதிரி என்றாள். அவர் தலையாட்டினார். காதில் எதையோ செருகிக்கொண்டார்.

திறந்த போத்தலை ஒவ்வொரு நாளும் கடை திறக்கும் முன் ருசி பார்க்க வேண்டும். சனிக்கிழமை மூன்று மணிக்குத் தவமலர் ஒரு கையில் போத்தலும் மறுகையில் கோப்பையுமாக வெறும் மேசைக்குப் பின்னால் நின்றாள். ஊற்றப் போனவளுக்குக் கை வரவில்லை.

உள்ளே மெசின் இரைந்தது. அவளுடைய இடத்துக்கு வந்தவள் நிலாணி, நாற்பது வயதிருக்கும். ஐந்து நாளாகத் தவமலர் அவளுடைய முதுகைத்தான் பார்த்திருந்தாள். தட்டுகளை வைத்துவிட்டுத் திரும்பி வந்திருந்தாள், அவ்வளவுதான்.

போத்தலோடு உள்ளே போய்த் தோளைத் தொட்டாள். நிலாணி திடுக்கிட்டு மெசினை நிறுத்தினாள்.

"ஏதும் உடைச்சுப்போட்டனோ அக்கா?"

"இல்ல பிள்ளை. இதைக் கொஞ்சம் ஊத்தித் தா. நானா ஊத்திக் குடிக்கக் கூடாதாம்."

"ஆர் சொன்னது?"

"ஜப்பான்காரர்."

நிலாணி கையைத் துடைத்துப் போத்தலை வாங்கினாள். கோப்பையைக் கவனிக்கவே இல்லை. "சரி, கையை நீட்டுங்கோ."

தவமலர் ஒரு கணம் யோசித்தாள். பிறகு கோப்பையைத் தட்டுகளின் மேல் வைத்துவிட்டு இடது உள்ளங்கையைக் குழித்தாள். குளிர்ந்த இரண்டு சொட்டு விழுந்தது. சவுக்கார மணம் இன்னும் போகவில்லை.

"எப்பிடி அக்கா?"

"நல்லாயிருக்கு."

மெசினைத் திரும்பப் போட நிலாணி அவசரப்படவில்லை. "நீங்கள் எவடத்தில இருக்கிறியள்?" என்று கேட்டாள்.